சில்லறையில் வளரும் பலம்: ரிவர் சிட்டி ரான்சமின் உள்கணக்கு

1989 ஏப்ரல் 25 அன்று ஜப்பானில் ஃபாமிகாம் கன்சோலுக்கு ‘டவுன்டவுன் நெக்கெட்சு மோனோகாத்தாரி’ என்றொரு கேம் வெளியானது. தயாரித்தது டெக்னோஸ் ஜப்பான். மறு ஆண்டு அது அமெரிக்காவுக்குப் போனபோது ‘ரிவர் சிட்டி ரான்சம்’ ஆனது. ஐரோப்பாவில் ‘ஸ்ட்ரீட் கேங்ஸ்’ என்ற பெயரில் விற்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண அடிதடி கேம்தான்: இரண்டு மாணவர்கள் தெருத்தெருவாக நடந்து, எதிர்ப்படும் கேங்குகளை உதைத்து, கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து வில்லனை வீழ்த்துவார்கள். ஆனால் கொஞ்ச நேரம் ஆடினாலே வேறு ஏதோ நடக்கிறது என்று புரிந்துவிடும். அடிவாங்கி விழுந்தவனிடமிருந்து காசு தெறிக்கிறது. அந்தக் காசில் சாப்பிடலாம். சாப்பிட்டால் குத்து பலமாகிறது.

இந்த மூன்று வாக்கியத்துக்குள் கேமின் மொத்த இயக்கமும் அடங்கிவிடுகிறது. ரோல்-பிளேயிங் கேம்களில் எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் (எதிரியை வீழ்த்தினால் சேரும் அனுபவப் புள்ளி) செய்யும் வேலையை இங்கே சில்லறைக் காசு செய்கிறது. எத்தனை பேரை அடித்தாலும் ஆள் தானாக லெவல் ஏறமாட்டான். காசைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து எதையாவது வாங்கினால்தான் வளர்ச்சி. சம்பாதிப்பது ஒரு முடிவு, எதில் செலவழிப்பது இன்னொரு முடிவு. இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்ததுதான் இந்த கேமின் பெரிய கெட்டிக்காரத்தனம். பின்னால் வந்த பல அடிதடி கேம்கள் எக்ஸ்பீரியன்ஸ் பட்டையை மட்டும் ஒட்டவைத்துவிட்டு இந்த இரண்டாவது முடிவை விட்டுவிட்டன.

இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க மூன்று ஆண்டு பின்னால் போகவேண்டும். 1986-ல் இதே நிறுவனம் ஆர்கேடில் ‘நெக்கெட்சு கோஹா குனியோ-குன்’ வெளியிட்டது. உருவாக்கியவர் யோஷிஹிசா கிஷிமோட்டோ. சண்டை நிறைந்த தன் பள்ளிப் பருவத்தை வைத்தே அதை அமைத்தார். நாயகனுக்கு நிறுவனத் தலைவர் குனியோ டாக்கியின் பெயரையே வைத்தார்கள். அதுவரை வந்த சண்டை கேம்களில் பெரும்பாலும் ஒரே கோட்டில்தான் இடவலமாக நகர முடியும். இதில் தரையின் ஆழத்திலும் மேலும் கீழும் நடக்கலாம், நாலாபக்கமும் எதிரிகள் சூழ்ந்துகொள்வார்கள். மேற்கத்திய நாடுகளில் ‘ரெனிகேட்’ என்ற பெயரில் வந்தது இதுதான். 1987-ல் அதே கிஷிமோட்டோ ‘டபுள் டிராகன்’ செய்தார். இருவர் சேர்ந்து ஆடுவது, எதிரியின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிப்பது, நீண்டு உருளும் தெரு எல்லாம் அதில் நிலைபெற்றன.

ஆர்கேட் கேம் என்பது காசு விழுங்கும் மெஷின். ஆட்டக்காரன் சில நிமிடத்தில் சாகவேண்டும், மறுபடி காசு போடவேண்டும். அதற்கேற்பத்தான் எதிரிகளின் பலமும் ஸ்டேஜின் நீளமும் அமைந்திருக்கும். அதை அப்படியே வீட்டு கன்சோலுக்குக் கொண்டுவந்தால் ஒரே மாலையில் கதை முடிந்துவிடும். விலை கொடுத்து கார்ட்ரிட்ஜ் வாங்கியவனுக்கு அது ஏமாற்றம். 1986-ல் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்து, 1988 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் கடைகளின் முன் பெரும் வரிசையையே உண்டாக்கியிருந்த காலம் அது. மெல்ல மெல்ல வளரும் பாத்திரத்துக்கு வீட்டில் ஆடுபவர்கள் பழகியிருந்தார்கள்.

டெக்னோஸ் இதில் ஒரு வெள்ளோட்டமும் பார்த்திருந்தது. 1988-ல் ஃபாமிகாமுக்கு வந்த ‘டபுள் டிராகன்’ ஆர்கேடின் நகல் அல்ல. அதில் அடிக்கு அடி பாயிண்ட் சேரும். ஒவ்வொரு 1000 பாயிண்டுக்கும் ஒரு இதயச் சின்னம் கூடும், அதோடு புது அடியும் கிடைக்கும். ஆட்டம் தொடங்கும்போது நாயகனுக்குப் பாதி வித்தை தெரியாது. யோசனை நல்லதுதான். ஆனால் ஆட்டக்காரனுக்குத் தேர்வு எதுவும் கிடையாது. எல்லோரும் ஒரே வரிசையில் ஒரே அடியைக் கற்பார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்த கேமில் அந்தத் தேர்வு வந்துசேர்ந்தது.

சரி, உள்ளே போவோம். ஆளுக்கு எட்டுத் திறன்கள்: குத்து, உதை, ஆயுதம், எறிதல், சுறுசுறுப்பு, தற்காப்பு, வலு, மனவுறுதி. இவற்றோடு அடி தாங்கும் தெம்பான ஸ்டாமினா, அது எவ்வளவு வரை ஏறலாம் என்று சொல்லும் மேக்ஸ் பவர். எட்டுத் திறனுக்கும் உச்சம் 63. மேக்ஸ் பவருக்கு 127. இந்த எண்கள் ஏதோ மனம்போனபடி வைத்தவை அல்ல. ஆறு பிட்டில் (0 அல்லது 1 என்ற இலக்கம் ஆறில்) எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 63, ஏழு பிட்டில் 127. கார்ட்ரிட்ஜில் சேமிப்புக்கான பேட்டரி கிடையாது, எல்லாவற்றையும் பாஸ்வேர்டாக மாற்றித்தான் ஆட்டக்காரனிடம் கொடுக்கவேண்டும். எட்டுத் திறனுக்கு 48 பிட், ஸ்டாமினாவுக்கும் மேக்ஸ் பவருக்கும் 14 பிட், ஆக 62 பிட் இங்கேயே போய்விடுகிறது. இதன்மேல் கையிருப்புப் பணம், கற்ற வித்தைகள். அதனால்தான் அமெரிக்கப் பதிப்பின் பாஸ்வேர்ட் வரிக்கு 11 எழுத்தாக மூன்று வரி, மொத்தம் 33 எழுத்து நீள்கிறது.

அந்தப் பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் எல்லாம் கலந்து வரும். ஆங்கில எழுத்துகளில் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும், ‘ஓ’வும் பூஜ்யமும் காகிதத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே எழுத்து மாறினாலும் பல மணி நேர உழைப்பு போச்சு. எழுதும்போதே பூஜ்யத்துக்குக் குறுக்குக் கோடு போடுவது, சிறிய எழுத்துக்கு அடிக்கோடு இடுவது என்று ஒரு முறையை வைத்துக்கொண்டு, கன்சோலை அணைக்கும் முன் திரையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட வேண்டும். இப்போது ஆடுபவர்களுக்கு ஒரு போட்டோ போதும்.

திறன்களை எப்படி ஏற்றுவது? இங்கேதான் கடைத்தெரு வருகிறது. ஊரில் அங்கங்கே மால்கள் இருக்கின்றன. அங்கே எதிரிகள் வரமாட்டார்கள். உணவகம், மருந்துக்கடை, புத்தகக்கடை, செருப்புக்கடை, குளியலறை என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பண்டமும் இன்னின்ன திறனை இத்தனை புள்ளி ஏற்றும் என்று கேமுக்குள் நிர்ணயமாகியிருக்கிறது. ஆனால் பட்டியலில் தெரிவது பெயரும் விலையும் மட்டும்தான். எது உதையை ஏற்றும், எது மனவுறுதியை ஏற்றும் என்று கடைக்காரர் சொல்லமாட்டார்.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். கடைக்குள் நுழையும் முன் ஆட்டத்தை நிறுத்தி, திறன் பட்டியலைத் திறந்து பத்து எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பண்டத்தை மட்டும் வாங்கிச் சாப்பிடுங்கள். வெளியே வந்து மறுபடி பட்டியலைப் பாருங்கள். மாறிய எண்கள்தான் அந்தப் பண்டத்தின் குணம். இரண்டு மூன்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. வயிறு நிறைவது என்ற கணக்கே இந்த கேமில் இல்லை. ஸ்டாமினா முழுதாக இருந்தாலும் திறன் ஏறும். அதனால் ஒரு பண்டத்தின் குணம் தெரிந்துவிட்டால், காசு இருக்கும்வரை அதையே திரும்பத் திரும்ப வாங்கலாம். ஏற்றத்தை விலையால் வகுத்துப் பார்த்தால் எது லாபம் என்று தெளிவாகிவிடும். விலை கூடினால் குணமும் கூடும் என்று நம்பிவிடக்கூடாது. மலிவான பண்டங்களை அடுக்கி வாங்குவது பல சமயம் ஒரு பெரிய விருந்தைவிட அதிகம் தரும்.

இந்த மறைப்பு குறையா, நிறையா? இரண்டும்தான் என்று சொல்வேன். ஆரம்பத்தில் பண்டங்களின் விலை குறைவு, தவறாக வாங்கினாலும் ஒரு தெருவைச் சுற்றிவந்தால் காசு திரும்பிவிடும். தெரியாத ஊரில் தெரியாத உணவகத்தில் ஆர்டர் செய்யும் கிளர்ச்சி அதில் உண்டு. ஆனால் பின்பகுதியில் விலை உயர்ந்த பண்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, அது ஏற்கெனவே 63-ஐத் தொட்ட திறனைத்தான் ஏற்றும் என்று தெரியவரும்போது எரிச்சல்தான் மிஞ்சும். ஒருமுறை வாங்கிச் சாப்பிட்ட பண்டத்தின் குணத்தையாவது பட்டியலில் காட்டியிருக்கலாம்.

உணவுக்கு முன்னால் வாங்கவேண்டியது புத்தகம். ஸ்டோன் ஹேண்ட்ஸ், டிராகன் ஃபீட், கிராண்ட் ஸ்லாம் என்ற மூன்றும் சுமார் 27 டாலர் வீதம் கிடைக்கும். முதலாவது குத்தை, இரண்டாவது உதையை, மூன்றாவது ஆயுத வீச்சை அதிவேகமாக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு குத்து என்றிருந்தது, சரமாரியாக விழும். இதன் பலன் வெறும் கூடுதல் சேதம் அல்ல. முதல் அடியில் தடுமாறிய எதிரி நிமிர்வதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுவதால் அவனால் திருப்பித் தாக்க முடியாது. வாங்கும் அடியும் குறைந்துவிடும். ஆரம்பத்தில் சேரும் சில்லறையைச் சாப்பாட்டில் கரைக்காமல் ஒரு புத்தகத்துக்குச் சேர்த்துவைப்பதுதான் சரியான தொடக்கம். அதிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய திறனையே முதலில் ஏற்றவேண்டும். ஸ்டோன் ஹேண்ட்ஸ் வாங்கியவர் உதைக்கான உணவில் காசைப் போடுவது வீண்.

புதிதாக ஆடுபவர்கள் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. புத்தகம் வாங்கியவுடன் வித்தை வந்துவிடாது. அது பைக்குள்தான் போகும். பட்டியலைத் திறந்து, உடைமைகளில் அதைத் தேர்ந்து ‘பயன்படுத்து’ கொடுத்துப் படிக்கவேண்டும். இதைத் தெரியாமல் புத்தகத்தைச் சுமந்துகொண்டே அடிவாங்குபவர்கள் ஏராளம். கடையிலிருந்து கட்டிக்கொண்டு வரும் சாப்பாட்டுக்கும் இதே விதி. கட்டிக்கொண்டு வந்ததைச் சண்டைக்கு நடுவில் பிரித்து உண்ணலாம் என்பதால், நீண்ட பயணத்துக்கு முன் இரண்டொன்று கையில் இருப்பது நல்லது.

கன்ட்ரோலரில் ஒரு சிக்கல். ஃபாமிகாமில் இருப்பது இரண்டே செயல் பட்டன்கள். ஒன்று குத்து, மற்றது உதை. குதிக்க இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். ஒரு விரல் கொஞ்சம் முந்தினாலும் குதிப்பதற்குப் பதில் குத்தோ உதையோ விழும். தெருவில் அது பெரிய விஷயமில்லை, பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போதுதான் விபரீதம். கட்டைவிரலை இரண்டு பட்டனுக்கும் நடுவில் படுக்கவைத்து உருட்டாமல் நேராக அமுக்குவதுதான் பழைய முறை. பழைய கன்சோலைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரிலோ பட்டன்களை மாற்றியமைக்க விடும் நவீன கன்சோலிலோ ஆடினால், இரண்டையும் சேர்த்து அனுப்பும் மூன்றாவது பட்டன் ஒன்றை அமைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

ஆயுதங்களில் இரும்புக் குழாய், சங்கிலி, தடி, கல், டயர், குப்பைத்தொட்டி என்று தெருவில் கிடைப்பதெல்லாம் உண்டு. விழுந்து கிடக்கும் எதிரியையே தூக்கி இன்னொருவன்மேல் எறியலாம். ஆனால் எறிந்த பொருள் அதோடு தீர்ந்துவிடாது. துள்ளி விழுந்து கிடக்கும், அதை எதிரியும் எடுப்பான். கையில் நல்ல குழாய் இருந்தால் அதை வீசி அடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனவுறுதி என்ற திறன்தான் பலரும் புரிந்துகொள்ளாமல் விடுவது. ஸ்டாமினா தீர்ந்து விழுந்த ஆள் சில சமயம் மறுபடி எழுந்துவிடுவான். அந்த வாய்ப்பைக் கூட்டுவது மனவுறுதி. எதிரிகளுக்கும் அது உண்டு என்பதால்தான் சில கேங்காரர்கள் செத்தான் என்று நினைக்கும்போது எழுந்து வருகிறார்கள். கடைசிப் பள்ளிக்கூடத்துக்குள் கடைகள் கிடையாது. ஆகவே உள்ளே போகுமுன் மனவுறுதியில் செலவழித்த காசு, இன்னும் கொஞ்சம் குத்து பலத்தில் போட்டதைவிட அதிகம் காப்பாற்றும்.

அப்படியும் விழுந்துவிட்டால்? கையிலிருக்கும் பணத்தில் பாதி போய்விடும், நாயகன் திரும்ப ஒரு மாலில் எழுவான். கற்ற வித்தையும் ஏற்றிய திறனும் அப்படியே இருக்கும். டிராகன் குவெஸ்ட் ஆடியவர்களுக்கு இந்தத் தண்டனை நன்றாகவே தெரியும், அங்கேயும் பாதிப் பணம்தான். ஆர்கேடில் தோற்றவன் புதுக் காசு போடவேண்டும், இங்கே தோற்றவன் சேர்த்த காசில் பாதியை விடவேண்டும். வித்தியாசம் என்னவென்றால், செலவழித்த பணத்துக்கு ஆபத்தில்லை. பையில் இருக்கும் பணம்தான் பறிபோகும். எனவே நடைமுறையில் ஒரே ஒரு விதி: பாஸ் (கேங் தலைவன்) இருக்கும் தெருவுக்குப் போகும் முன் மாலில் நின்று பையைக் காலி செய்துவிடுங்கள். ஏதோ ஒரு விலை உயர்ந்த பண்டத்துக்காகச் சேமிக்கிறோம் என்றால், பலவீனமான கேங் வரும் தெருக்களிலேயே சுற்றிச் சேர்ப்பது உத்தமம். தெருவுக்குத் திரும்பிவந்தால் எதிரிகளும் திரும்ப வருவார்கள். விழுந்த காசை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும்.

அந்தச் சேமிப்புக்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங் த்ரூ-வே என்ற பாதையில் ஒரு சுரங்க வழி வரும். அங்கே கதவு எதுவும் வரையப்படவில்லை. சுவரோரமாக நகர்ந்துகொண்டே மேல் பட்டனை அழுத்திப் பார்த்தால், ஓரிடத்தில் மெர்லின்ஸ் மிஸ்டரி என்ற ரகசியக் கடைக்குள் நுழைந்துவிடுவீர்கள். திறன்களை ஒரேயடியாகத் தூக்கிவிடும் பண்டங்கள் அங்கேதான் உள்ளன. விலையும் அதற்கேற்ப.

ஃபாமிகாமின் வன்பொருளையும் சொல்லாமல் விடமுடியாது. திரையில் மொத்தம் 64 ஸ்பிரைட் (நகரும் உருவங்களை ஆக்கும் சிறு படத்துண்டு) காட்டலாம், ஆனால் ஒரு கிடைவரியில் 8 மட்டும். ஒரு ஸ்பிரைட்டின் அகலம் 8 புள்ளி. பதினாறு புள்ளி அகல ஆள் ஒருவன் வரிக்கு இரண்டைத் தின்றுவிடுவான். நால்வர் ஒரே வரிசையில் நின்றாலே எட்டும் தீர்ந்தது. ஐந்தாவதாக ஒரு குழாய் பறந்துவந்தால் எதையாவது காட்டாமல் விடவேண்டும், அதனால்தான் சண்டை நெருங்கும்போது உருவங்கள் மினுக்குகின்றன. பெரிய தலை, குட்டை உடம்பு என்ற உருவமைப்பு 1988-ல் இதே நிறுவனம் ஃபாமிகாமுக்குச் செய்த டாட்ஜ்பால் கேமிலிருந்து வந்தது. உடம்பு சிறிதாக இருப்பதால் ஸ்பிரைட் மிச்சம். தலை பெரிதாக இருப்பதால் கோபம், வலி, அதிர்ச்சி என்று முகத்திலேயே எல்லாம் தெரியும். இந்தக் கட்டுப்பாட்டால் ஒரே நேரத்தில் ஒருசில எதிரிகளே வரமுடிகிறது. அதை ஈடுகட்டத்தான் அவர்களுக்குப் பேச்சு கொடுத்திருக்கிறார்கள். திரையின் கீழே ஓடும் பட்டையில் மிரட்டுவார்கள், புலம்புவார்கள், விழும்போது ‘பார்ஃப்!’ என்று கத்துவார்கள். கூட்டம் இல்லாத குறையை அந்த வாய்தான் நிரப்புகிறது.

அமெரிக்காவுக்குப் போகும்போது நிறைய மாற்றினார்கள். இரண்டு நாயகர்களில் குனியோ அலெக்ஸ் ஆனான், ரிக்கி ரயான் ஆனான், வில்லன் யாமாடா ஸ்லிக் ஆனான். ஜப்பானியப் பள்ளிச் சீருடை டி-ஷர்ட்டும் ஜீன்ஸுமாக மாறியது. யென் விலைகள் டாலரும் சென்டுமாயின. ஆனால் தெருவின் ஜப்பானியத்தனத்தை அழிக்க முடியவில்லை. மெர்வ் பர்கர் கடையின் பட்டியலில் ‘ஸ்மைல்’ என்று ஒரு பண்டம் இலவசமாக இருக்கும், வாங்கினால் சிரிப்பு மட்டும் கிடைக்கும். ஜப்பான் மெக்டொனால்ட்ஸ் தன் விலைப்பட்டியலில் ‘ஸ்மைல் 0 யென்’ என்று போட்டிருந்ததைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது புரியும். பள்ளிக்கூடத்துக்குள் வரும் இரட்டையர்கள் ராண்டி, ஆண்டியோடு மோதும்போது டபுள் டிராகனின் இசை ஒலிக்கும். அதை எந்த ஊரிலும் அடையாளம் கண்டுகொண்டார்கள். இசையமைத்தவர் கசுவோ சாவா.

வழி தெரியாமல் நிற்பது இன்னொரு பொதுவான பிரச்சினை. ஸ்டேஜ் ஸ்டேஜாக முன்னேறும் கேம் அல்ல இது. ஊர் முழுக்கத் திறந்திருக்கும், முன்னும் பின்னும் நடக்கலாம். பள்ளி வாசல் மட்டும் உரிய பாஸ்களை வீழ்த்தினால்தான் திறக்கும். சில பாஸ்கள் முதல்முறை போகும்போது அந்த இடத்தில் இருக்கமாட்டார்கள், வேறொருவனை முடித்தபின்தான் தலைகாட்டுவார்கள். வாசல் திறக்கவில்லை என்றால், காலியாகப் பார்த்த பூங்காவையும் கிடங்கையும் மறுபடி ஒரு சுற்று சுற்றுங்கள். தோற்ற எதிரிகள் சொல்லும் தகவல்களை வேகமாகத் தட்டிவிடாமல் படிப்பதும் உதவும். தொடக்கத்தில் எழுத்து ஓடும் வேகத்தைக் குறைத்துவைக்க ஒரு வசதி இருக்கிறது.

டெக்னோஸ் 1996-ல் மூடப்பட்டது. 2004-ல் கேம்பாய் அட்வான்ஸுக்கு ‘ரிவர் சிட்டி ரான்சம் இஎக்ஸ்’ வந்தது. 2010-ன் ‘ஸ்காட் பில்கிரிம்’ கேமில் சில்லறை சிதறுவதும் கடையில் சாப்பிட்டுத் திறன் ஏற்றுவதும் இங்கிருந்து போனவை. 2015-ல் உரிமை ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸிடம் சென்றபின், 2019-ல் ‘ரிவர் சிட்டி கேர்ள்ஸ்’ வெளியானது. அதில் எதை உண்டால் எது ஏறும் என்று பார்க்க முடியும்.

மூலத்தையே ஆட விரும்புபவர்களுக்கு 2020 பிப்ரவரியில் வந்த ‘டபுள் டிராகன் & குனியோ-குன் ரெட்ரோ பிராலர் பண்டில்’ நல்ல வழி. 18 கேம்கள் கொண்ட அந்தத் தொகுப்பில் அமெரிக்கப் பதிப்போடு ஜப்பானிய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கிறது. முதலில் அமெரிக்கப் பதிப்பை முடித்து உணவுக் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு, பிறகு சீருடை அணிந்த குனியோவோடு மூலத்துக்குப் போனால் எது மாறியது, எது மாறவில்லை என்பது தெருத்தெருவாகத் தெரியும். இருவராக ஆடும்போது துணையின்மேல் அடி படும் முறை, படாத முறை என்று இரண்டு உண்டு. முதல் தடவைக்குப் படாத முறையையே தேர்ந்தெடுங்கள். குறுகிய தெருவில் சரமாரிக் குத்து விடும்போது துணை எங்கே நிற்கிறார் என்று பார்க்க நேரம் இருக்காது.